கூடப் போனவள்

புதிதாக எந்த இடத்துக்குப் போனாலும் அவள் முதலில் விசாரிப்பது பாத்ரூம் எங்கே இருக்கிறது என்பதைத்தான். தனக்காக இல்லை, யாருக்குத் துணையாக வந்திருக்கிறாளோ அவர்களுக்காக. தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி, பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடம் எதுவாக இருந்தாலும் நம்மை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். "பின்னால எடது பக்கம்க்கா. கதவு சாத்துது, தண்ணி வருது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அதற்குப் பிறகு நாம் பேசினால் பேசுவாள். பேசாவிட்டால் எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீஸ்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருப்பாள். குடும்பக் கட்டுப்பாடு, காசநோய், லஞ்சம் கொடுக்காதீர் எல்லாவற்றையும் உதடு அசையப் படிப்பாள். படித்து முடித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள்.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு பாயின் ஜெராக்ஸ் கடையில் அவள் வேலை பார்த்தாள். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பெர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்று பேசிப் பேசியே அவருக்குத் தலை நரைத்திருந்தது. ஒரே பெண். கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகை வீடு. நான் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். என் அப்பா பெர்மனென்ட். நான் டவுன்ஷிப்பிலேயே ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். இந்த வித்தியாசத்தை நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் என்னைவிட மூன்று வயதுதான் சின்னவள் என்றாலும் அவள் என்னை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட்டாள். நான் அவளை 'வா, போ' என்றேன்.

'தானே' புயலில் சாய்ந்த மரங்களை டவுன்ஷிப்பில் இன்னும் வெட்டி முடிக்காத நாட்கள் அவை. என் சர்டிஃபிகேட் ஃபைலைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டேன். போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தால்தான் நகல் வாங்க முடியும் என்றார்கள். அப்பா ஷிஃப்டில் இருந்தார். ஸ்டேஷன் என்றாலே அம்மா வாசல் தாண்ட மாட்டார். புகாரை டைப் செய்ய அந்தக் கடைக்குப் போனேன். அவள்தான் டைப் செய்தாள். தாளை நீட்டும்போது என் முகத்தைப் பார்த்தாள்.

"தனியாவா போறீங்க?"

"ஆமா."

"பாய், ஒரு மணி நேரம்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுப் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதற்கு முன் நாங்கள் பேசியதே கிடையாது.

ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாயிற்று. ஸ்டேஷனில் எனக்காக அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வாதாடவில்லை, யாரையும் தெரியும் என்று சொல்லவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். ஆனால் அங்கிருந்த எழுத்தர் என்னிடம் அதட்டிப் பேசும்போதெல்லாம் என் தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு தோள் இருந்தது. வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "முந்திரிப் பழம் வித்துகினு இருக்காங்க, சாப்புடுறீங்களா?" என்று கேட்டாள்.

ஊரில் பாதிப் பேருக்கு அவளை இப்படித்தான் தெரிந்திருந்தது. கடைக்கு விண்ணப்பம் எழுத வருகிறவர்கள், அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தயங்கி நின்றால் போதும். அவள் பையை மாட்டிக்கொண்டுவிடுவாள். முதல் பிரசவத்துக்குப் போகும் பெண்கள், பென்ஷனுக்கு அலையும் அம்மாக்கள், நேர்முகத் தேர்வுக்குப் போகும் பெண்கள் எல்லோருடனும் போனாள். பாய் தலையில் அடித்துக்கொள்வார்.

"ஏம்மா, எல்லாரு கூடயும் நீ கெளம்பிட்டா மிஷினுகிட்ட யாரும்மா நிக்கிறது? நானா?"

"நீங்கதான் பாய். பச்ச பட்டன அமுக்குனா போதும்."

ஆனால் அவர் அவளை வேலையைவிட்டு நிறுத்தியதே இல்லை. அவருடைய மனைவிக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது பாண்டிச்சேரியில் இரண்டு நாள் கூட இருந்தவள் அவள்தான்.

எனக்கு அவளிடம் பிரியமும் இருந்தது, ஒரு சின்ன பயமும் இருந்தது. ஒரு முறை ரோட்டில் லாரி மோதி ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி இறந்துபோனார். அவர் மனைவி வடக்கேயிருந்து வந்தவள், தமிழே சரியாகத் தெரியாது. பிரேதப் பரிசோதனை முடிகிறவரை அந்தப் பெண்ணோடு சவக்கிடங்கு வாசலில் ஒரு பகல் முழுக்க நின்றிருக்கிறாள் இவள். வீட்டுக்கு வந்ததும் அவள் அப்பா சத்தம் போட்டார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு அங்க என்னாடி வேல? அந்தப் பொம்பள பேசறது ஒனக்குப் புரியுமா? நீ பேசறது அவளுக்குப் புரியுமா?"

"பேசவே இல்லப்பா. நின்னுகினு இருந்தோம்."

"எதுக்கு நின்ன?"

அவள் கால் கழுவப் போய்விட்டாள். அவள் அம்மா என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்க டீச்சரம்மா" என்றார். சொல்ல எனக்கு என்ன உரிமை? அதற்கு முந்தின வாரம்தான் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க அவளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

இப்படிப் போவதற்கான காரணத்தை ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள், வடலூரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, நான் கேட்காமலே. அவளுக்குப் பத்து வயதில் அம்மாவை இரண்டாவது பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். அப்பா ஷிஃப்டுக்குப் போயிருந்தார். கூட வந்த சித்தி சாப்பாடு வாங்கப் போனாள். வராந்தாவில் இவள் மட்டும் நின்றிருந்தாள். நர்ஸ் வந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேறு ஆள் இல்லாததால் அவளிடமே சொன்னாராம், தம்பிப் பாப்பா பிறந்து இறந்துவிட்டது என்று.

"எங்கிட்டதான் சொன்னாங்கக்கா. நான் சரின்னு சொன்னேன். என்னா சொல்றதுன்னு தெரியல, சரிங்கன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பிறகு அந்த ரிஜிஸ்டர் கல்யாண விவகாரம். அவள் தெருவிலேயே ஒரு பெண், வீட்டுக்குத் தெரியாமல் விருத்தாசலத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். கூடப் போனது இவள். மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா கடைக்கு வந்து, ஆட்கள் பார்க்க இவள் கன்னத்தில் அறைந்தார். இவள் ஜெராக்ஸ் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

"நான் சேத்து வைக்கலம்மா. அது தனியா போவுதேன்னு கூடப் போனேன்" என்று மட்டும் சொன்னாளாம்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் இருந்து இவளுக்குக் கூடிவந்த ஒரு சம்பந்தம் இதைக் கேள்விப்பட்டு நின்றுபோனது. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது.

"தப்பான காரியத்துக்குக் கூப்பிட்டாலும் போவியா நீ?" என்று கேட்டேன்.

"போறவங்க எப்பிடியும் போவாங்கக்கா. தனியா போவட்டும்னு வுட்டுட்டா தப்பு சரியாயிடுமா?"

கோபப்பட்டேனே தவிர, நாங்கள் எல்லோரும் அவளுக்குப் பழகிப்போயிருந்தோம். என் அம்மா மூட்டுவலிக்கு டாக்டரிடம் போக வேண்டுமென்றால், "அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போடேன்" என்பார். எனக்கு நேரமிருக்கும் நாளிலும் அப்படித்தான் சொல்வார். நானும் போட்டிருக்கிறேன்.

நான் கூப்பிடாமல் அவள் என் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு தடவைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் வராந்தாவில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சைக்கிளைக் கேட்டில் சாய்த்துவிட்டு வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முகம் வெளிறியிருந்தது. வெயிலில் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ரெண்டு வாரமா தலவலிக்கா. மாத்தர போட்டும் நிக்கல. டாக்டரு கடலூர்ல ஸ்கேன் எடுத்துகினு வரச் சொல்லியிருக்காரு."

"எப்போ?"

"சீக்கிரம் எடுக்கச் சொன்னாரு." கொஞ்சம் நிறுத்தி, கேட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "நாளைக்கு உங்களுக்கு லீவு கெடைக்குமாக்கா?"

நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"நாளைக்கா? பரீட்சை நேரம்மா, கிடைக்காது. வியாழக்கிழமை வேணா பாக்கலாமா?"

"பரவால்லக்கா. சும்மா கேட்டேன்."

தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, செம்பைத் திண்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

லீவு கிடைத்திருக்கும். அந்த வருஷத்துக்கு என்னிடம் ஒரு நாள் மிச்சம் இருந்தது. என் சித்தி மகளுடைய நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கச் சிதம்பரம் போவதற்காக அதை வைத்திருந்தேன்.

மறுநாள் மூன்றாவது பீரியடில் பாய் போன் செய்தார். நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. வகுப்புக்கு வெளியே வந்து எடுத்தேன். அவர் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"டீச்சரம்மா, நம்ம புள்ள போயிடுச்சும்மா."

கூடப் போவதற்குத்தான் எங்கோ போயிருக்கிறாள் என்று ஒரு நொடி நினைத்தேன். யாரோடு என்றுகூடக் கேட்டேன். அவர் அழ ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

கடலூர் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். குள்ளஞ்சாவடி வருவதற்குள் நினைவு தப்பிவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு காய்கறிக்கார அம்மா தாங்கிப் பிடித்து, கண்டக்டரிடம் சொல்லி பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார். ஆம்புலன்ஸ் கடலூர் போய்ச் சேருவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். யார் கூட இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று ஒரு டாக்டர் பாயிடம் சொன்னாராம். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஒரு நாள் மட்டும் இருந்தது.

மிச்சம் வைத்திருந்த லீவை அவள் சாவுக்கு எடுத்தேன்.

தெரு கொள்ளாமல் கூட்டம். யாரெல்லாம் என்று பார்த்தேன். அந்த வடக்கத்திப் பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். கன்னத்தில் அறைந்த அம்மா வந்திருந்தார், வாசலுக்கு வராமல் மின்கம்பத்துப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்து ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். "என்னக் கூப்பிட்டிருந்தா நான் போயிருப்பேனே."

அவள் அப்பா அழவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஊருக்கெல்லாம் போனா. யாருகிட்டயாவது ஒரு வார்த்த, கூட வான்னு கேட்டாளா? எங்கிட்டயும் சொல்லல, அவங்கம்மாகிட்டயும் சொல்லல. கடைக்குப் போறேன்னுட்டுக் கெளம்புனா. அழுத்தக்காரி. பெத்தவங்கள நம்பாத அழுத்தக்காரி."

என் முறை வந்தது. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்ககிட்டயாவது சொன்னாளா டீச்சரம்மா?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்றேன். "கேட்டிருந்தா நான் போயிருப்பேன்."

அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும் என்று நான் யோசித்து வரவில்லை. எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததை நானும் சொன்னேன். சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுக்க இடமில்லாமல் போயிற்று.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகவில்லை, காய்ச்சல் என்றேன். மந்தாரக்குப்பம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறுவதை நிறுத்திக்கொண்டேன். ஆனாலும் காதில் விழுந்தபடியே இருந்தது. மார்க்கெட்டில் பார்க்கிற பெண்கள்கூட, "அழுத்தக்காரிம்மா, யாருகிட்டயும் வாயத் தொறக்கலியாம்" என்றார்கள். அவளைப் பற்றி ஊர் தெரிந்துவைத்திருக்கிற கடைசிச் சேதி அதுவாகிவிட்டது. அவள் அப்பா தினமும் சாப்பிட உட்காரும்போது அதைச் சொல்லித் திட்டுகிறார், பாதியில் எழுந்துவிடுகிறார் என்று பாய் ஒரு நாள் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை குள்ளஞ்சாவடிக்குப் போனேன். எதற்கு என்று என்னிடம் கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் காய்கறிக்கார அம்மாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பஸ்ஸில் மயங்கிய பெண்ணைப் பிடித்தவர் என்றதும் கூட்ரோட்டில் டீக்கடைக்காரரே கைகாட்டினார். சாக்கை விரித்துக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் பரப்பி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவள் என்று சொன்னதும் தராசை ஓரமாக வைத்தார்.

"என் மடியிலதாம்மா கெடந்துச்சு. ஆம்புலன்ஸுலயும் நாந்தான் போனேன். தெரியாத ஊருப் பொண்ணு, அதுக்குன்னு வுட்டுட்டு எறங்க முடியுமா? அவங்கப்பாரு வர்ற வரைக்கும் அங்கியே இருந்தேன். பஸ்ஸுலயே வுட்டுட்ட காயெல்லாம் போச்சு, போவட்டும்."

"எதாவது பேசினாளாம்மா?"

"மொதல்ல நல்லாத்தான் பேசிச்சு. வேர்த்து வேர்த்து ஊத்துச்சு, ஜன்னல் பக்கம் வுட்டேன். எங்கம்மா போறன்னு கேட்டேன். ஸ்கேன் எடுக்கன்னுச்சு. தனியாவான்னு கேட்டேன். கூட வர்றவங்களுக்கு வேல வந்துடுச்சுங்க, இல்லன்னா வந்திருப்பாங்கன்னுச்சு." அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அது யாரும்மா? அவங்கப்பாரு ஆஸ்பத்திரியில என்னாடான்னா, யாரயும் கூப்புடாம வந்துட்டா, அழுத்தக்காரின்னு மாருல மாருல அடிச்சிகினாரு. எனக்கு ஒண்ணும் புரியல. இந்த நேரத்துல எதுக்குன்னு வாய மூடிகினேன்."

நான் முருங்கைக்காய்க் கட்டு ஒன்றைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை.

"நான்தாம்மா" என்றேன்.

அவர் தராசை மறுபடி எடுத்து வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேறு ஒருவர் கத்தரிக்காய் கேட்டு வந்தார். நிறுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, "அவங்க வூட்ல சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்ப எங்கிட்ட எதுக்கும்மா வந்த?"

அங்கிருந்து நேராக மந்தாரக்குப்பம் போனேன். நடுப்பகல் வெயில். அவள் அப்பா முதல் ஷிஃப்டு போயிருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். வீட்டில்தான் இருந்தார். தரையில் உட்கார்ந்து ஒரு மின்விசிறியைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்தில் உடம்பு பாதியாகியிருந்தது. "வாங்க டீச்சர்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் அதில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தேன்.

"அவ கேட்டாப்பா" என்றேன்.

"என்னா?"

"கூட வரச் சொல்லிக் கேட்டா. என்கிட்ட கேட்டா. அன்னிக்கு நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எப்புடிக் கேட்டா?" என்றார். "அவ கேட்ட மாதிரியே சொல்லுங்க."

"நாளைக்கு உங்களுக்கு லீவு கெடைக்குமாக்கான்னு கேட்டா."

அந்த வார்த்தைகளை அவர் சத்தமில்லாமல் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு சமையல் செய்யும் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டார். "ஏ, இங்க வா. அவ கேட்டுருக்காடி. நம்ம பொண்ணு வாயத் தொறந்து கேட்டுருக்கா. நான்தான் இத்தினி நாளா அழுத்தக்காரி, அழுத்தக்காரின்னு..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. மகள் செத்ததற்கு அவர் அழுது நான் அப்போதுதான் பார்த்தேன்.

அவள் அம்மா கையில் ஒட்டியிருந்த மாவோடு வந்து நின்றார். அவருக்கும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, கேட், தலைவலி, லீவு. கேட்டு முடித்ததும் அவர் என்னைக் கேட்டார்.

"அதுக்கு நீ என்னா சொன்ன?"

அந்த அம்மா என்னிடம் 'ங்க' போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

"கிடைக்காதுன்னு சொன்னேன்மா."

"கெடைக்காதா?"

"வுடு" என்றார் அப்பா. அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. நான் பதில் சொல்லும்வரை நின்றார்.

"கிடைச்சிருக்கும். ஒரு நாள் இருந்திச்சு. புடவை எடுக்கறதுக்கு வெச்சிருந்தேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே போய்விட்டார். பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றுபோனது. எழுந்து போகலாமா, இருக்க வேண்டுமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வாசல்வரை வந்து செருப்பையும் மாட்டிக்கொண்டேன். அப்போது அவள் அப்பா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"டீச்சர், இன்னொரு தபா சொல்லிட்டுப் போங்க" என்றார். "நீங்க சொன்னது வேணாம். அவ கேட்டத மட்டும்."